விடுதி வார்டன் போட்ட கையெழுத்து

அம்மை, போலியோன்னு தடுப்பூசிகளோட வரலாற்றை ஒவ்வொண்ணா பேசிட்டு வர்றோம். அந்த எபிசோடுகளுக்கு வந்த மெயில்கள்ல ஒரே மாதிரி கேள்வி பல பேர்கிட்ட இருந்து வந்தது. "எங்க அக்கா பொண்ணுக்குப் பத்து வயசு. ஸ்கூல்ல கேம்ப் போடுறாங்க, ஹெச்பிவி ஊசிக்கு சம்மதமான்னு படிவம் கொடுத்து விட்டிருக்காங்க. அக்கா கையெழுத்துப் போடாம ஒரு வாரமா வெச்சிருக்காங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

நான் டாக்டர் இல்லை. போடணுமான்னு மட்டும் கேட்டா, உலக சுகாதார நிறுவனமும் இந்தியக் குழந்தைகள் நல மருத்துவர்கள் சங்கமும் போடுங்கன்னுதான் சொல்றாங்க, நானும் அதேதான் சொல்வேன். ஆனா அந்த அக்கா ஏன் தயங்குறாங்கங்கிறதுக்கு ஒரு வரலாறு இருக்கு. அதுல ஒரு பகுதி நமக்குப் பக்கத்துலயே, கோதாவரிக் கரையில நடந்தது. அதைத்தான் இன்னிக்குப் பேசப் போறோம்.

முதல்ல நோய். கர்ப்பப்பையோட கீழ்ப்பகுதி, பிறப்புறுப்போட சேர்ற இடம், அதுதான் கர்ப்பப்பை வாய். அங்க வர்ற புற்றுநோய்க்கு இந்தியாவுல 2022-ல மட்டும் சுமார் 80,000 பெண்கள் இறந்திருக்காங்கன்னு சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையோட மதிப்பீடு சொல்லுது.

இந்த நோய்க்கும் தாம்பத்தியத்துக்கும் தொடர்பு இருக்குன்னு 1842-லயே ஒருத்தர் எழுதிட்டார். ரிகோனி ஸ்டெர்ன்னு ஓர் இத்தாலிய மருத்துவர். வெரோனா நகரத்தோட சாவுப் பதிவேடுகளை 1760-ல இருந்து எடுத்து வெச்சுக் கணக்குப் போட்டார். கல்யாணமான பெண்களுக்கு நிறைய வர்ற கர்ப்பப்பைப் புற்றுநோய், கன்னியாஸ்திரிகளுக்கு ரொம்பக் குறைவா இருந்தது. காரணம் என்னன்னு அவருக்குத் தெரியலை. தெரிய இன்னும் 140 வருஷம் ஆச்சு. ஜெர்மனியில ஹரால்ட் சூர் ஹவுசனோட குழு 1983-லயும் 1984-லயும் கட்டித் திசுவுல ரெண்டு வைரஸைக் கண்டுபிடிச்சது. ஹியூமன் பாப்பிலோமா வைரஸ், வகை 16, வகை 18. உலகத்துல வர்ற கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்கள்ல ஏறக்குறைய 70 சதவீதத்துக்கு இந்த ரெண்டும்தான் காரணம். 2008-ல அவருக்கு நோபல் பரிசு கிடைச்சது.

இந்த வைரஸ் உடலுறவு மூலமா பரவுது. ஆனா "அந்த மாதிரி ஆளுங்களுக்கு" மட்டும் வர்ற தொற்று இல்லை. உடலுறவு வாழ்க்கை உள்ள ஆண், பெண் பெரும்பாலானவங்களுக்கு வாழ்நாள்ல ஒரு தடவையாவது வரும். முக்கால்வாசிப் பேருக்கு ஒண்ணு ரெண்டு வருஷத்துல தானா போயிடும். போகாம உள்ளேயே தங்கிடுற சிலருக்குத்தான், பல வருஷம் கழிச்சுப் புற்றுநோயா மாறுது. ஒரே கணவர், ஒரே மனைவின்னு வாழ்ந்தவங்களுக்கும் வரலாம்.

அடுத்து ஊசி. ஆஸ்திரேலியாவோட குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்துல 1991-ல சியான் சோவும் இயன் ஃப்ரேசரும் இந்த வைரஸோட வெளி ஓட்டை மட்டும் தனியா உருவாக்குனாங்க. உள்ளே மரபணுவே கிடையாது. காலி டப்பா மாதிரி. உடம்பு அதைப் பார்த்து நிஜ வைரஸ்னு நினைச்சு எதிர்ப்பு சக்தியைத் தயார் பண்ணும், ஆனா அந்த ஓட்டால தொற்றை உண்டாக்க முடியாது. 2006 ஜூன்ல அமெரிக்கா கார்டசிலுக்கு அனுமதி கொடுத்தது. 2007-ல ஆஸ்திரேலியா தேசியத் திட்டமா ஆரம்பிச்சது.

பிரச்சினையும் இங்கதான் ஆரம்பிக்குது. வைரஸ் உள்ளே வந்ததுக்கு அப்புறம் போட்டா இந்த ஊசியால பெரிய பலன் இல்லை. வர்றதுக்கு முன்னாடி போடணும். அதாவது ஒன்பது வயசுல இருந்து பதினாலு வயசுக்குள்ள. தன் பொண்ணு இன்னும் பொம்மை வெச்சு விளையாடிட்டு இருக்கும்போது, அவளோட எதிர்காலத் தாம்பத்தியத்தைப் பற்றி அப்பா அம்மா ஒரு முடிவு எடுக்கணும். போலியோ சொட்டு மருந்துக்கு இந்தச் சங்கடம் கிடையாது.

அமெரிக்காவுல இந்தச் சங்கடம் உடனே வெடிச்சது. 2007 பிப்ரவரியில டெக்சாஸ் ஆளுநர் ரிக் பெர்ரி, ஆறாம் வகுப்புப் போற பெண் பிள்ளைகள் எல்லாரும் ஊசி போட்டுக்கணும்னு சட்டமன்றத்தைக் கேட்காமலே ஆணை போட்டார். அவரோட முன்னாள் தலைமை அலுவலர் ஒருத்தர், ஊசி தயாரிச்ச மெர்க் கம்பெனிக்காக ஆதரவு திரட்டுற வேலையில இருந்தார்ங்கிறதும் வெளியே வந்தது. பெற்றோர்கள் கொதிச்சாங்க. சில மாசத்துலயே சட்டமன்றம் அந்த ஆணையை ரத்து பண்ணுச்சு. ஊசி போட்டா பொண்ணுங்க தடம் மாறிடுவாங்கங்கிற பயமும் அந்தச் சண்டைக்குள்ள இருந்தது. அதைப் பின்னாடி ஆராய்ஞ்சும் பார்த்தாங்க. அட்லாண்டாவுல 11, 12 வயசுல ஊசி போட்டவங்க, போடாதவங்கன்னு ஏறக்குறைய 1,400 பேரோட மருத்துவப் பதிவுகளை மூணு வருஷம் வரைக்கும் ஒப்பிட்டுப் பார்த்தாங்க. கர்ப்பம், பால்வினைத் தொற்று, கருத்தடை ஆலோசனை, எதுலயும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லைன்னு 2012-ல எழுதுனாங்க. டெட்டனஸ் ஊசி போட்டதால யாரும் போய் ஆணியை மிதிக்கிறதில்லையே.

இந்தியாவுல கதை வேற மாதிரி போச்சு. இங்க பெற்றோர்கள் கொதிக்கிற அளவுக்கு அவங்களுக்கு விஷயமே போய்ச் சேரலை.

பத்ராசலம் பலருக்குத் தெரிஞ்சிருக்கும், ராமர் கோயில் இருக்குற ஊர். இப்ப தெலங்கானாவுல இருக்கு. 2009-ல அது ஆந்திராவோட கம்மம் மாவட்டம். பழங்குடி மக்கள் நிறைய இருக்குற பகுதி. பிள்ளைகள் அரசாங்கத்தோட ஆசிரமப் பள்ளிகள்ல, விடுதியில தங்கிப் படிப்பாங்க. அப்பா அம்மா எங்கேயோ மலைக் கிராமத்துல இருப்பாங்க.

அந்த வருஷம் ஜூலையில கம்மம் மாவட்டத்தோட மூணு மண்டலங்கள்லயும், ஆகஸ்ட்ல குஜராத்தோட வடோதரா மாவட்டத்துலயும் ஒரு திட்டம் ஆரம்பமாச்சு. நடத்துனது 'பாத்'ங்கிற அமெரிக்கத் தொண்டு நிறுவனம். கூட இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அதாவது ஐசிஎம்ஆர், அப்புறம் ரெண்டு மாநில அரசுகள். பணம் கேட்ஸ் அறக்கட்டளையோடது. ஊசி மருந்தைக் கம்மத்துக்கு மெர்க் இலவசமா கொடுத்தது, வடோதராவுக்கு கிளாக்சோ கொடுத்தது. 10 வயசுல இருந்து 14 வயசு வரைக்கும், ரெண்டு இடத்துலயும் சேர்த்து 20,000-க்கும் மேல பெண் பிள்ளைகள். ஊசி வேலை செய்யுதான்னு பார்க்கிறது நோக்கம் இல்லை, அது ஏற்கெனவே அனுமதி வாங்கின ஊசி. அரசாங்கத் திட்டத்துல சேர்த்தா எப்படிக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம்னு பார்க்கிற செயல்விளக்கத் திட்டம்னு சொன்னாங்க.

2010 மார்ச்ல 'சமா'ங்கிற டெல்லி மகளிர் நல அமைப்பைச் சேர்ந்தவங்க பத்ராசலம் போய் அந்தப் பிள்ளைகள்கிட்டயும் பெற்றோர்கள்கிட்டயும் பேசுனாங்க. எதுக்கு இந்த ஊசின்னு பிள்ளைகளுக்குச் சரியா தெரியலை. பல பெற்றோர்களுக்கு ஊசி போட்டதே தெரியலை. இதுக்கு நடுவுல, ஊசி போட்டவங்கள்ல ஆந்திராவுல 5 பேர், குஜராத்துல 2 பேர், மொத்தம் 7 பிள்ளைகள் இறந்திருந்தாங்க. செய்தி பரவுச்சு. நாடாளுமன்றத்துல கேள்வி வந்தது. ஏப்ரல் மாசம் மத்திய அரசு திட்டத்தை நிறுத்துச்சு.

இந்த இடத்துல நிதானமா கேளுங்க. வாட்ஸ்அப்ல இன்னிக்கும் சுத்துற பாதிக் கதை இங்கதான் பிறந்தது. அந்த 7 சாவும் ஊசியாலயா? அரசு போட்ட விசாரணைக் குழு ஒவ்வொரு சாவையும் எடுத்துப் பார்த்தது. ஒரு பொண்ணு தண்ணியில மூழ்கியிருக்கு. ஒண்ணைப் பாம்பு கடிச்சிருக்கு. ரெண்டு பேர் பூச்சிமருந்து குடிச்சிருக்காங்க. மலேரியாவுல இறந்த பிள்ளையும் உண்டு. ஊசிக்கும் இந்தச் சாவுகளுக்கும் தொடர்பு இருக்க வாய்ப்பு இல்லைங்கிறதுதான் குழுவோட முடிவு. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான பேருக்குப் போட்ட அனுபவமும் அதோட ஒத்துப்போகுது.

சரி, அப்ப எல்லாம் சரியா நடந்ததா? இல்லை. அதே விசாரணையில சம்மதப் படிவங்களையும் எடுத்துப் பார்த்தாங்க. ஆந்திராவுல பார்த்த படிவங்கள் 9,543. அதுல 1,948 படிவத்துல கைநாட்டு. 2,763 படிவத்துல கையெழுத்துப் போட்டிருந்தது விடுதி வார்டன்.

கைநாட்டு வெச்சவங்களுக்குப் படிச்சுக் காட்டினாங்களான்னு கேட்கணும். வார்டன் விஷயத்துல அந்தக் கேள்விக்கே இடம் இல்லை. பெற்றோர் உயிரோட இருக்காங்க, பஸ் ஏறிப் போனா பார்க்கலாம், ஆனா போகலை. வார்டனும் தலைமையாசிரியரும் பாதுகாவலர் இடத்துல கையெழுத்துப் போடலாம்னு அரசாங்கமே அனுமதி கொடுத்திருந்தது.

எனக்கு அந்த வார்டன் மேல பெரிய கோபம் வரலை. மேலிடத்துல இருந்து சொல்றாங்க, நல்ல ஊசின்னு சொல்றாங்க, விடுதியில இருநூறு பிள்ளைகள் இருந்தா இருநூறு வீட்டுக்கும் யார் போறது? ஆனா அந்தத் திட்டத்தோட நோக்கத்தை மறுபடி யோசிச்சுப் பாருங்க. ஊசியை மக்கள்கிட்ட எப்படிக் கொண்டு சேர்க்கிறதுன்னு கத்துக்கிறதுக்குத்தான் அவ்வளவு பணமும் செலவாச்சு. பெற்றோரை எப்படி அணுகுறது, இந்தச் சங்கடமான பேச்சை எப்படி ஆரம்பிக்கிறதுங்கிறதுதான் அதுல இருக்குற கஷ்டமான பாடம். அந்தப் பாடத்தை மட்டும் விட்டுட்டு மிச்சத்தைப் படிச்சிருக்காங்க.

2013 ஆகஸ்ட்ல சுகாதாரத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு தன்னோட 72-வது அறிக்கையில ஐசிஎம்ஆரையும் பாத் நிறுவனத்தையும் கடுமையா கண்டிச்சது. பாத் குற்றச்சாட்டுகளை மறுத்தது. அதுக்கு முன்னாடியே உச்ச நீதிமன்றத்துல வழக்கும் போட்டிருந்தாங்க. ஒரு கிளைக் கதை சொல்றேன், சட்டம் படிக்கிறவங்களுக்குப் பிடிக்கும். நாடாளுமன்றக் குழுவோட அறிக்கையை நீதிமன்றம் எடுத்துப் பார்க்கலாமாங்கிற கேள்வி இந்த வழக்குல எழுந்து, ஐந்து நீதிபதிகள் அமர்வு வரைக்கும் போயி, பார்க்கலாம்னு 2018-ல தீர்ப்பு வந்தது. கல்பனா மேத்தா வழக்குன்னு இன்னிக்கும் மேற்கோள் காட்டுறாங்க. அதுல தலைமை நீதிபதியா இருந்தவர் தீபக் மிஸ்ரா.

வழக்கு ஓடுச்சு, அறிக்கை வந்துச்சு, ஊசி நின்னுச்சு. தனியார் ஆஸ்பத்திரியில காசு கொடுத்துப் போட்டுக்கலாம், ஆனா அரசுத் திட்டமா 2016 வரைக்கும் எங்கேயும் இல்லை. அந்த வருஷம்தான் பஞ்சாப்ல பட்டிண்டா, மான்சா மாவட்டங்கள்லயும் டெல்லியிலயும் ஆரம்பிச்சாங்க. 2010-ல பத்து வயசா இருந்த ஒரு பொண்ணு, அந்தத் திட்டம் நாடு முழுக்க விரிஞ்சிருந்தா இலவசமா ஊசி போட்டிருக்கும். அந்தப் பொண்ணுக்கு இப்ப இருபத்தஞ்சு தாண்டியிருக்கும். எனக்கு மெயில் அனுப்புனவங்க பலருக்கும் அதே வயசுதான்.

பயம் எவ்வளவு தூரம் போகும்னு பார்க்க ஜப்பான் பக்கம் ஒரு நிமிஷம் போயிட்டு வந்துடலாம். அங்க 2013 ஏப்ரல்ல அரசு இதைக் கட்டணம் இல்லாத வழக்கமான தடுப்பூசியா சேர்த்தது. ஊசிக்கு அப்புறம் வலி, வலிப்புன்னு அவதிப்படுற பிள்ளைகளை டிவியில திரும்பத் திரும்பக் காட்டுனாங்க. ரெண்டே மாசத்துல, ஜூன்ல, "நாங்க இனிமே சிபாரிசு பண்ணலை, வேணும்னா போட்டுக்கங்க"ன்னு அரசு ஒதுங்கிக்கிச்சு. தடை கிடையாது, ஊசியும் இலவசம்தான். ஆனாலும் 70 சதவீதம் போட்டுட்டு இருந்த இடத்துல 1 சதவீதத்துக்கும் கீழே விழுந்துச்சு. நகோயா நகரத்துல, பாதிக்கப்பட்டவங்க அமைப்பு கேட்டுக்கிட்டதால, ஏறக்குறைய 30,000 இளம்பெண்கள்கிட்ட 24 அறிகுறிகளைப் பற்றிக் கேட்டு ஆராய்ஞ்சாங்க. ஊசி போட்டவங்களுக்கு அதுல எதுவும் கூடுதலா இல்லை. அரசு மறுபடி சிபாரிசு பண்ண ஆரம்பிச்சது 2022 ஏப்ரல்ல. 2013-ல இருந்து 2019 வரைக்கும் ஊசி போடாம விட்டதால மட்டும், அந்தத் தலைமுறையில கூடுதலா சுமார் 5,000 பேர் பின்னாடி இறப்பாங்கன்னு ஒரு மதிப்பீடு இருக்கு.

இப்ப திரும்ப இந்தியாவுக்கு வருவோம். 2010 ஏப்ரல்ல நின்னது கம்மம் திட்டம் மட்டும் இல்லை. அதோட எந்தச் சம்பந்தமும் இல்லாத இன்னொரு ஆராய்ச்சியும் பாதியில நின்னுச்சு. டாக்டர் சங்கரநாராயணன்னு கேரளாவைச் சேர்ந்த புற்றுநோய் நிபுணர், சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையில இருந்தவர், முன்னின்று ஆரம்பிச்ச ஆராய்ச்சி. நாடு முழுக்க ஒன்பது மையங்கள். அதுல ஒண்ணு நம்ம திண்டுக்கல் மாவட்டம் ஒட்டன்சத்திரம் பக்கத்துல இருக்குற அம்பிளிக்கை. (அம்பிளிக்கைக்கு இந்த நோயோட பழைய பழக்கம் உண்டு. கர்ப்பப்பை வாயில வினிகர் மாதிரியான அமிலத்தைத் தடவி வெறும் கண்ணால பார்க்கிற எளிய பரிசோதனையே சாவை 35 சதவீதம் குறைக்கும்னு 2007-ல உலகத்துக்குக் காட்டினது திண்டுக்கல் மாவட்டப் பெண்கள்கிட்ட நடந்த ஆராய்ச்சிதான்.)

மூணு டோஸ் தேவையா, ரெண்டு போதுமாங்கிறதுதான் அந்த ஊசி ஆராய்ச்சியோட கேள்வி. 10 முதல் 18 வயசு வரைக்கும் கல்யாணமாகாத 20,000 பேரைச் சேர்க்கணும்னு திட்டம். 17,000-க்கும் மேல சேர்ந்தாச்சு. திடீர்னு எல்லாத்தையும் நிறுத்துன்னு உத்தரவு. சிலர் மூணு போட்டிருந்தாங்க, சிலர் ரெண்டு. ஏறக்குறைய 5,000 பேர் ஒரே ஒரு டோஸோட நின்னுட்டாங்க. ஆராய்ச்சியாளர்கள் பாதியில விட்டுட்டுப் போகலை. வருஷா வருஷம் அவங்களைத் தொடர்ந்து பார்த்தாங்க. அதுலயும் நம்ம ஊர் நாசூக்கு ஒண்ணு உண்டு. கர்ப்பப்பை வாயில மாதிரி எடுக்கணும், ஆனா கல்யாணமாகாத பொண்ணுகிட்ட எடுக்க முடியாது. அதனால கல்யாணம் முடிஞ்சு 18 மாசம், இல்லைன்னா முதல் குழந்தை பிறந்து 6 மாசம்னு விதி வெச்சுக்கிட்டுக் காத்திருந்தாங்க.

அந்தக் காத்திருப்போட முடிவு 2021-ல வெளிவந்தது. விடாம தங்குற 16, 18 வகைத் தொற்றைத் தடுக்கிறதுல ஒரு டோஸ் சுமார் 95 சதவீதம் பலன் கொடுத்திருந்தது. மூணு டோஸுக்குக் கிட்டத்தட்ட சமம். கென்யாவுல நடந்த சோதனையும் அதையே சொன்னது. 2022-ல உலக சுகாதார நிறுவனம் 20 வயசு வரைக்கும் ஒரு டோஸே போதும்னு ஏத்துக்கிச்சு. ஏழை நாடுகளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிங்க. செலவும் அலைச்சலும் பாதிக்கு மேல குறையுது. யாரும் திட்டம் போட்டு ஒரு டோஸ் கொடுக்கலை. கம்மத்துல பெற்றோரைக் கேட்காததால எல்லாம் நின்னு, அதனால நின்னுபோன பொண்ணுங்க உடம்புல இருந்து கிடைச்ச பதில் இது. இதுக்காகச் சந்தோஷப்படுறதா வேண்டாமான்னு எனக்கு இன்னும் பிடிபடலை.

கேட்டுச் செஞ்சா எப்படி இருக்கும்ங்கிறதுக்கு சிக்கிம் இருக்கு. சின்ன மாநிலம்தான், ஒத்துக்கிறேன். 2018-ல 9 வயசுல இருந்து 13 வயசு வரைக்கும் இருந்த பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்துலயே போட்டாங்க. அதுக்கு முன்னாடி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தாங்க, பெற்றோர்கள்கிட்டயும் பத்திரிகைக்காரங்ககிட்டயும் பேசுனாங்க. முதல் டோஸ் 97 சதவீதம் பேருக்குப் போய்ச் சேர்ந்தது. பெற்றோர்கிட்ட கேட்டா வேண்டாம்னு சொல்லிடுவாங்கங்கிற அதிகாரிகளோட பழைய பயத்துக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியலை.

ஊசி நிஜமாவே புற்றுநோயைத் தடுக்குதா, தொற்றை மட்டும் தடுக்குதான்னு சந்தேகப்பட்டவங்க ஒரு காலத்துல இருந்தாங்க. அப்ப அது நியாயமான சந்தேகம், ஏன்னா புற்றுநோய் வர இருபது வருஷம் ஆகும். இப்ப காலம் ஆயிடுச்சு. ஸ்காட்லாந்துல 12, 13 வயசுல முழுசா ஊசி போட்ட முதல் தலைமுறைப் பெண்கள்ல ஒருத்தருக்குக்கூட ஊடுருவுற கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வரலைன்னு 2024-ல அறிவிச்சாங்க.

இன்னொரு கேள்வி மெயில்ல வரவே இல்லை, நானே கேட்டுக்கிறேன். தொற்றைக் கொண்டு வர்றதுல ஆணுக்கும் பங்கு இருக்கு, ஆணுக்கும் இதனால தொண்டை, ஆசனவாய்ப் புற்றுநோய் வருது. ஏன் பொண்ணைப் பெத்தவங்க மட்டும் ராத்திரி தூங்காம யோசிக்கணும்? ஆஸ்திரேலியா 2013-லயே பையன்களையும் திட்டத்துல சேர்த்துடுச்சு. நம்ம ஊர்ல விலை, இருப்பு, முன்னுரிமைன்னு நியாயமான காரணங்கள் இருக்கு. இருந்தாலும் பொண்ணு வெச்சிருக்கிறவங்களுக்கு மட்டும் ஏன் இந்தச் சங்கடம்னு யோசிக்கிறப்ப, காரணம் முழுக்க விலை மட்டும்தான்னு எனக்குத் தோணலை.

இப்ப நிலைமை என்னன்னா, சீரம் நிறுவனத்தோட செர்வாவாக் ஊசிக்கு 2022-ல அனுமதி கிடைச்சு, 2023-ல கடைக்கு வந்துச்சு. தமிழ்நாடு அரசு 2025 பட்ஜெட்ல 14 வயசுப் பெண் பிள்ளைகளுக்குப் படிப்படியா இந்த ஊசியைப் போட 36 கோடி ரூபாய் அறிவிச்சது. இருபதுகள்ல இருக்குற நீங்களும் 26 வயசு வரைக்கும் டாக்டர்கிட்ட பேசிட்டுப் போட்டுக்கலாம், பலன் கொஞ்சம் குறைவா இருக்கும், அவ்வளவுதான். ஊசி போட்டாலும் போடாட்டாலும் முப்பது வயசுக்கு மேல பரிசோதனை வேணும். அம்மாவையும் கூட்டிட்டுப் போங்க.

அக்காவுக்கு இந்த எபிசோடை அனுப்புங்க. ஆனா கையெழுத்துப் போடுன்னு நெருக்க வேண்டாம். ஸ்கூல்ல ஒரு கூட்டம் வைக்கச் சொல்லலாம். எந்த ஊசி, எத்தனை டோஸ், ஊசி போட்ட அரைமணி நேரம் யார் கூட இருப்பாங்க, ராத்திரி காய்ச்சல் வந்தா எந்த நம்பருக்குக் கூப்பிடணும், இதெல்லாம் படிவத்துல தமிழ்ல இருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க. இல்லைன்னா கேட்கச் சொல்லுங்க. பத்து வயசுப் பொண்ணுக்கும் எதுக்கு இந்த ஊசின்னு ஒரு வாக்கியத்துல சொல்ல முடியும், அவளையும் பக்கத்துல உட்கார வைங்க.

அடுத்த வாரம் 1951-க்குப் போறோம், அமெரிக்காவோட பால்டிமோர் நகரம். ஹென்ரியெட்டா லாக்ஸ்னு ஓர் இளம் தாய் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயோட ஆஸ்பத்திரிக்கு வர்றாங்க. அவங்க கட்டியில இருந்து சம்மதம் கேட்காம எடுத்த செல்கள் இன்னிக்கும் ஆய்வகங்கள்ல வளர்ந்துட்டு இருக்கு. அதுக்குள்ள இருந்ததும் வகை 18 வைரஸ்தான்னு பின்னாடி தெரிஞ்சது. அந்தக் கதையோட வர்றேன்.